அம்மாவை 'தே' என்கிறார்கள், 'ஹெர்' குழப்புகிறது: வழி சொல்லுங்கள்

ஆசிரியர்களே, மூன்றாம் வகுப்பு, தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிரதிப்பெயர்களைக் கற்பிப்பது பற்றிக் கேட்கிறேன். படம் காட்டினால் ஹீ, ஷீ, இட் எல்லாம் சரியாக வருகிறது. பேச்சில்தான் இடறுகிறது. அம்மா சமைப்பதை 'தே ஆர் குக்கிங்' என்கிறார்கள். வீட்டில் 'அவங்க' என்று பழகிய மரியாதை அது, கவனக்குறைவு இல்லை. குடும்பப் படத்தில் ஒவ்வொருவராகத் தொட்டு, 'ஒருவர்தானே? அப்போ ஷீ' என்று சொல்ல வைத்தால் மெல்லத் திருந்துகிறது.

என் கவலை 'கிவ் ஹீ த புக்' வகைப் பிழை. ஐ-மீ, ஹீ-ஹிம், ஷீ-ஹெர், வீ-அஸ், தே-தெம் என ஐந்து ஜோடி அட்டைகள்: வினைக்கு முன்னால் வருவது நீலம், வினைக்கோ டூ, ஃபார் போன்றவற்றுக்கோ பின்னால் வருவது சிவப்பு. யூ, இட் மாறாதவை, அதனால் சேர்க்கவில்லை. பட்டியலை ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஹெர் இந்த நிறக் கணக்கில் அடங்கவில்லை. 'ஐ சா ஹெர்' சிவப்பு. 'ஹெர் பேக் இஸ் நியூ' என்பதில் அதே சொல் வினைக்கு முன்னால் நிற்கிறது. ஹிம், ஹிஸ் இரண்டையும் முதலில் பிரித்துக் காட்டிவிட்டு ஹெருக்கு வருவதா? உடைமைக்கு மூன்றாவது நிறமா? வகுப்பில் பலன் தந்த பத்து நிமிட வாய்மொழிப் பயிற்சி இருந்தால் வாக்கியங்களோடு எழுதுங்கள்.