சிறிய கல்லூரியில் படித்தால் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி:

வணக்கம். கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவரைச் சார்ந்து வந்த எனக்கும் மகளுக்கும் எச்-4. மகளுக்கு உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலும், பென்சில்வேனியாவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல் எல்லாம் சேர்த்துக் கற்பிக்கும்) கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் மொத்தமே இரண்டாயிரம் பேருக்கும் குறைவாகத்தான் படிக்கிறார்கள். இளநிலைக்கு மேல் அங்கே படிப்பே கிடையாது. ஊரிலிருந்து மாமனார் தினமும் போன் செய்து, "பேர் தெரியாத காலேஜில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் சகோதரி. நான் இப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துவிட்டு, பிறகு ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறியவள். அங்கே முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். உங்கள் மகளின் ஆசை ஆராய்ச்சிதான் என்றால், அந்தக் கல்லூரியைத் தயங்காமல் பரிசீலியுங்கள்.

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். 1989இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக், அயோவா மாநிலத்தின் கிரின்னல் கல்லூரியில் படித்தவர். 2020இல் அதே பரிசைப் பெற்ற ஜெனிஃபர் டௌட்னா, கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் படித்தவர். முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் ஆய்வு செய்தது செக்கின் ஆய்வகத்தில்தான். இயற்பியலில் 2006இல் நோபல் பெற்ற ஜான் மேத்தர், பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர். இந்தப் பெயர்கள் நம் ஊரில் அதிகம் தெரியாதவை. ஆனால் இங்கே விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர்களுக்கு இந்தக் கல்லூரிகளை நன்றாகத் தெரியும். மாணவர் எண்ணிக்கைக்கு எத்தனை பேர் முனைவர் ஆகிறார்கள் என்று விகிதம் போட்டுப் பார்த்தால், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், ஹார்வி மட் போன்ற கல்லூரிகள் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கின்றன.

காரணம், இளநிலைக்கு மேல் படிப்பு இல்லை என்று நீங்கள் சொன்ன அதே விஷயம்தான். முதுநிலை மாணவர்கள் இல்லாததால் ஆய்வகத்து வேலை இளநிலை மாணவர்களின் கைக்கு வருகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் முன்னுரிமை முனைவர் பட்ட மாணவர்களுக்கும், பட்டம் முடித்து ஆய்வு செய்யும் முதுமுனைவர்களுக்கும்தான். சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பெண் தன் மாதிரியைத் தானே வைத்து, கருவி தரும் நிறமாலையைத் தானே படித்து, தவறாக வந்தால் ஏன் தவறியது என்று பேராசிரியருடன் உட்கார்ந்து பார்க்கிறாள். போர்ட்லண்ட் நகரத்து ரீட் கல்லூரியில் ஒரு ஆய்வு அணு உலையே இருக்கிறது. 1968 முதல் இயங்கும் அதை, உரிமம் பெற்ற இளநிலை மாணவர்களே பெரும்பாலும் இயக்குகிறார்கள். அங்கே எந்தத் துறை மாணவரும் ஆய்வேடு எழுதாமல் பட்டம் பெற முடியாது. எழுதியதைப் பேராசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வில் நியாயப்படுத்தவும் வேண்டும். ஸ்வார்த்மோரில் 1922 முதல் நடக்கும் ஹானர்ஸ் திட்டத்தில், தேர்வு வைப்பதற்கென்றே வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வல்லுநர்களை அழைக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு நிபுணர் எதிரே உட்கார்ந்து "இதை எப்படி அறிந்தாய்?" என்று கேட்க, இருபத்தொரு வயதில் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, முனைவர் பட்ட நேர்காணலில் தடுமாறுவதில்லை.

ஆனால் இவற்றைவிடப் பெரியது பரிந்துரைக் கடிதம். முனைவர் பட்ட விண்ணப்பத்துக்குப் பொதுவாக மூன்று கடிதங்கள் வேண்டும். குழுவில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மதிப்பெண் பட்டியலைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், கடிதத்தைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிப்போம். ஒரு கடிதம் இப்படி இருக்கும்: "என் வகுப்பில் ஏ வாங்கினார், முதல் பத்து சதவீதத்தில் இருந்தார், கடின உழைப்பாளி." முந்நூறு பேர் வகுப்பில் பாடம் எடுத்தவர் இதற்கு மேல் என்ன எழுத முடியும்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. மற்றொரு கடிதம் இப்படி இருக்கும்: "நொதியின் வேகம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறைவாக வருவதைக் கவனித்தது இந்தப் பெண்தான். நான் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கினேன். அவர் விடவில்லை. வாரக் கடைசியில் தாங்கல் கரைசலின் (அமிலத்தன்மையை நிலையாக வைக்க வேண்டிய கரைசல்) அமிலத்தன்மை மாறுகிறது என்று மூன்று வாரம் அளந்து காட்டினார்." இந்தப் பெண்ணை நேர்காணலுக்கு அழைக்க வேண்டுமா என்று குழுவில் யாரும் விவாதிக்க மாட்டார்கள்.

அந்தக் கடிதம் தானாக வந்துவிடாது. இதை உங்கள் மகளிடம் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். நம் பிள்ளைகளை, ஆசிரியர் கூப்பிட்டால் மட்டுமே அவர் அறைக்குப் போகும்படி வளர்த்திருக்கிறோம். தானாகப் போய் நின்றால் அதிகப்பிரசங்கித்தனம் என்று பயப்படுவார்கள். இங்கே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்கி, அதை அறைக்கதவில் ஒட்டி வைத்திருப்பார். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் போகலாம். "உங்கள் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று சொன்னாலே போதும். நன்றாகப் படித்தும் வாய் திறக்காமல் நான்கு ஆண்டுகளைக் கழித்த நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக மனம் வலித்திருக்கிறது.

காலக்கணக்கும் முக்கியம். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் நான்காம் ஆண்டு டிசம்பரில் வரும். ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மூன்று பேராசிரியர்களாவது அவள் வேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும். சிறிய துறையில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். ஒருவர் ஆய்வு விடுப்பில் ஓராண்டு போய்விடுவது வழக்கம். அவர் கிளம்பும் முன்பே கடிதம் பற்றிக் கேட்டுவைக்க வேண்டும். இன்னொன்று: இங்கே முனைவர் பட்டத்துக்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை, இளநிலை முடித்ததும் நேரடியாகப் போகலாம். அறிவியல் துறைகளில் கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தந்துவிடும்.

குறைகளும் உண்டு. உயர்நிலைப் பாடங்கள் குறைவு. சில பாடங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். கூட்டு ஏற்பாடு உள்ள கல்லூரியில் இது ஓரளவு சரியாகிவிடும். ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மாணவர்கள் ஒருவர் கல்லூரியில் மற்றவர் படிக்கலாம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பாடம் எடுக்கலாம். பொறியியல்தான் வேண்டும் என்றால் நான் இந்த அளவுக்கு வற்புறுத்த மாட்டேன். பல சிறிய கல்லூரிகளில் அந்தத் துறையே இல்லை.

கேள்வி:

மிக்க நன்றி அக்கா. விசா விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? கட்டணமும் மலைப்பாக இருக்கிறது.

பதில்:

கட்டாயம் கவனிக்க வேண்டும். எச்-4 விசாவில் உள்ள மாணவர் சம்பளம் வாங்கி வேலை செய்ய முடியாது. கோடைகால ஆய்வு பல இடங்களில் சம்பளத்தோடுதான் நடக்கும். 21 வயதானால் எச்-4 தகுதியும் போய்விடும். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால், வகுப்புகள் நடக்கும் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். எப்போது மாறுவது என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் ஒரு வழக்கறிஞரிடமும் முதல் ஆண்டிலேயே கேளுங்கள். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் கோடைகால ஆய்வு இடங்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. எனவே கல்லூரி தன் சொந்த நிதியில் கோடை ஆய்வு நடத்துகிறதா, அதில் உங்கள் மகள் சேரலாமா என்று கேட்பது அவசியம்.

தங்குமிடம், சாப்பாடு சேர்த்து இந்தக் கல்லூரிகள் பலவற்றில் செலவு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி எச்-4க்குக் கிடையாது. கல்லூரி தன் நிதியிலிருந்து தருவதுதான். கொடுத்த தொகை போதாது என்றால், வருமான விவரத்தோடு மறுபரிசீலனை கேட்டு எழுதலாம், அதில் கூச்சமே வேண்டாம். அதற்குப் பிறகும் வீட்டை அடகு வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றால் மாநிலப் பல்கலைக்கழகத்தையே எடுங்கள். அங்கேயும் முதல் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டால் நல்ல கடிதம் கிடைக்கும்.

முன்பணம் கட்ட வழக்கமான கெடு மே 1. அதற்குள் மகளையே வேதியியல் துறைக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: கடந்த சில ஆண்டுகளில் முனைவர் பட்டத்துக்குப் போனவர்கள் எங்கெங்கே போனார்கள், கோடையில் எத்தனை பேருக்கு ஆய்வு இடம் கிடைக்கிறது, எச்-4 மாணவர் யாராவது சேர்ந்திருக்கிறார்களா? பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.