மறுமொழி: ‘அழற்சிச் சமிக்ஞை’யா, ‘அழற்சி ஏவல்’ ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெப்பத்தாக்கு (heat stroke) பற்றிய நம் கட்டுரை, ‘inflammatory signal’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் நோயின் பெயர். அங்கங்கே ‘வெப்பப் பக்கவாதம்’ என்று எழுதுகிறார்கள். இதில் பக்கமும் இல்லை, வாதமும் இல்லை. அந்தச் சொல்லை இத்துடன் கைகழுவுவோம்.

> அழற்சி என்றாலே அழல், நெருப்பு. வெப்பம் பற்றிய கட்டுரையில் குழப்பாதா?

குழப்பும். முதல் வரைவில் ‘வெப்ப அழற்சி’ என்று எழுதினேன். படித்தவர் தோல் வெந்துபோவதைச் சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார். ஆனால் அழற்சி, காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினையைக் (inflammation) குறித்துப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். இலத்தீன் மூலத்திலும் தீதான் எரிகிறது. எனவே வேறுபாட்டைக் காட்டும் சுமை அதற்கு அடுத்த சொல்லின் தலையில் விழுகிறது.

நடப்பதைப் பாருங்கள். சூட்டை வெளியேற்ற உடல் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. குடலின் பங்கு குறைகிறது. இரத்தம் வற்றிய குடற்சுவரில் செல்களுக்கு இடையிலான பிணைப்புகள் தளர்ந்து, பாக்டீரியாக்களின் புறச்சுவரில் உள்ள நச்சான அகநச்சு (endotoxin) இரத்தத்துக்குள் கசிகிறது. வெள்ளணுக்களின் மேல் கிருமிகளை அடையாளம் காணும் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியில் அது பட்டதும், கிருமி படையெடுத்துவிட்டது என்றே அவை நடந்துகொள்கின்றன. டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள், வெளிவருகின்றன. இரத்தக்குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது, உறைதல் நிலைகுலைகிறது. சூட்டில் சிதைந்த செல்கள் சிந்தும் பொருள்களும் அதே ஏற்பியின் கதவைத்தான் தட்டுகின்றன. மருத்துவ ஆய்வாளர்கள் பூஷாமாவும் நோக்கெலும் 2002இல் வெப்பத்தாக்குக்கு முன்வைத்த வரையறை, உடலின் மைய வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதோடு நிற்காமல் உடல் முழுதும் பரவும் அழற்சியையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வெப்பநிலையை இறக்கிய பிறகும், சிலருக்கு அடுத்தடுத்த நாள்களில் கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கின்றன. வெப்பம் நேரடியாகச் செய்த சேதம் ஒரு பங்கு. மறுபங்கு, வெப்பம் போன பின்னும் நிறைவேறிக்கொண்டிருக்கும் கட்டளை. ‘சமிக்ஞை’ இதைக் காட்டவில்லை. விளக்கு அணைந்தால் சமிக்ஞை முடிந்தது. ‘குறிகை’யை மின்னணுவியலார் எடுத்துக்கொண்டார்கள். ‘தூது’ எனக்கு மிகவும் பிடித்த சொல், விட மனம் வரவில்லை; ஆனால் தூது ஆர்.என்.ஏ. (messenger RNA) என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, தூதைக் கேட்டவர் மறுத்து அனுப்பவும் செய்யலாம். இங்கே செல் மறுப்பதில்லை. ஏற்பியில் மூலக்கூறு பொருந்தினால் வேலை தொடங்கிவிடுகிறது. ‘செய்’, ‘போ’ என்பனவற்றை இலக்கணம் ஏவல் வினை என்கிறதே, அந்த ஏவல்தான் இது.

> ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே ஐயா!

வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் ஏவியவனையே திரும்பி அடிக்கும் ஏவலைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடலைக் காக்கப் புறப்பட்டது உடலையே அடிக்கும் இந்த நோய்க்கு அந்த நிழல் அவ்வளவு பொருந்தாததும் இல்லை. மருத்துவ நூலில் யாரும் மந்திரவாதியைத் தேடப் போவதில்லை என்றே நம்புகிறேன்.

கூட்டுச்சொற்களிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மற்றொன்றைத் தூண்டிச் செல்லும் வரிசைக்கு ‘ஏவல் தொடர்’. இன்டர்லூக்கின்-10 செய்வது ‘அழற்சி தணிப்பு ஏவல்’. இரண்டும் நாக்கில் தடுக்கவில்லை. ஆனால் சைட்டோகைனை ‘அழற்சி ஏவி’ ஆக்கலாம் என்று வந்த யோசனைக்கு நான் உடன்படவில்லை. இன்டர்லூக்கின்-6 உடற்பயிற்சியின்போது தசையிலிருந்தும் வருகிறது. அழற்சியைத் தணிக்கும் வேலையையும் செய்கிறது. அதன் நெற்றியில் ‘அழற்சி ஏவி’ என்று ஒட்டினால் பாதி பொய்யாகிவிடும். சைட்டோகைன் சைட்டோகைனாகவே இருக்கட்டும்.

வரைவில் இரண்டு இடங்களில் ‘கடுங்காய்ச்சல்’ என்று இருப்பதை நீக்கிவிட்டேன். காய்ச்சலில், மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைப்போதலாமஸ் தன் இலக்கு வெப்பநிலையையே உயர்த்திக்கொள்கிறது. வெப்பத்தாக்கில் இலக்கு மாறுவதில்லை, உடலால் சூட்டை வெளியேற்ற முடிவதில்லை. பாராசிட்டமால் இங்கே உதவாததும் அதனால்தான். ‘காய்ச்சல்’ என்று போட்டால் படிப்பவர் மாத்திரையைத் தேடுவார்.

‘அழற்சியேவல்’ என்று சேர்த்து எழுதினால் ‘சியே’ என்ற இடத்தில் கண் தடுக்குகிறது. இடம் விட்டு ‘அழற்சி ஏவல்’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். புணர்ச்சி விதி பார்ப்பவர்கள் திட்டலாம்.