பத்மினிக்கு டிஸ்க் போட்ட பிறகு பிரேக் தொல்லை, வழி சொல்லுங்க

வணக்கம். அப்பா ஓட்டிய 1986 பிரீமியர் பத்மினி கார். முன்னால் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டேன்; பின் டிரம்மும், பெடலை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் பழசுதான். 10 கிலோமீட்டர் ஓடினாலே முன் ரிம்மில் கை வைக்க முடியவில்லை. பெடலை விட்ட பிறகும் பேட் உரசுகிறது. டிரம்முக்காக மாஸ்டருக்குள் இருக்கும் ரெசிடுவல் வால்வு 10 பிஎஸ்ஐ போல பிரஷரைப் பிடித்து வைக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கழற்றிவிட்டு, பின் லைனில் மட்டும் தனியாக ஒன்று போட்டால் சரியாகுமா?

அதைவிடப் பெரிய பயம்: நேற்று மழையில் பிரேக்கை அழுத்தியதும் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டியின் பின்பக்கம் அரை அடி இழுத்துவிட்டது. பின்சீட்டில் மகள் இருந்தாள். பின் லைனுக்கு அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புரபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் பிரஷரைக் குறைப்பது) போட்டவர்கள் எங்கே வாங்கினீர்கள்? டேண்டம் மாஸ்டருக்கு (இரண்டு தனித்தனி பிரேக் லைன் உள்ள மாஸ்டர் சிலிண்டர்) மாறியவர்கள் போர் அளவும் (சிலிண்டரின் உள்விட்டம்) சொல்லுங்க. அதுவரை வண்டி ஷெட்டில்தான்.