ஜெனிவாவுக்கு எழுத முதல் நாங்கள் ஏறி இறங்கின படிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா

தம்பி தடுப்புக் காவலிலிருந்து வீட்ட வந்தபோது முதுகு முழுக்கத் தழும்பு. பயத்தில் வெளியில் போகமாட்டான், ஆரோடும் கதைக்கமாட்டான். முதலில் பெடியன் தேறட்டும் எண்டு நாங்களும் பேசாமல் இருந்திட்டம். பிறகு சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனால், அவர் காயத்தைப் பார்க்க முதலே கேட்டது, "எத்தனையாம் திகதி வந்தவர்?" எண்டுதான். எண்ணிப் பார்த்தால் 43 நாள்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேணும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அப்பிடித்தான் சொல்லுது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாடு பதிஞ்சிருந்தாலும் உதவியிருக்குமாம். 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கட வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். இதை நினைச்சால் இப்பவும் எனக்கு நித்திரை வராது.

"சரி, அப்ப ஜெனிவாவுக்கு எழுதுவம்" எண்டன். ஐ.நா. மனித உரிமைக் குழு, உள்நாட்டில் இருந்த வழியெல்லாம் பார்த்தனீங்களோ எண்டுதான் முதலில் கேட்குமாம். "இந்தக் கோட்டில எங்களுக்கு நீதி கிடைக்காது எண்டு தெரியும், அதால போகேல்லை" எண்டு சொன்னால் ஏற்காது. மனுப் போடுற காலக்கெடுவை நாங்களே தவறவிட்டிருந்தால் அதுவும் எங்களுக்கு எதிராத்தான் நிக்கும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையையும் தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து இப்ப உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறம்.

வன்னியிலிருந்து ஓர் அம்மா

பிள்ளை, உங்கட கதை நாள் பிந்தினது. எங்கட கதை முடியாமல் இழுபடுறது. 2009 மே மாதம் என்ர கண்ணுக்கு முன்னால மகன் இராணுவத்திட்ட சரணடைஞ்சவன். ஆட்கொணர்வு மனு போட்டம். அண்டையில இருந்து தவணை, தவணை, தவணைதான். ஒருநாள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வரேல்லை, ஒருநாள் வழக்குக் கோவை வரேல்லை, ஒருநாள் நீதிபதி மாறிப் போயிட்டார். முல்லைத்தீவில் சரணடைஞ்ச வேற ஆக்களின்ர மனுவில், அவையளைக் கொண்டுவந்து நிப்பாட்டச் சொல்லி வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டதே 2022 டிசம்பரில்தான்.

எங்களுக்கு உதவுற பிள்ளை ஒண்டு சொல்லித் தந்தது: தனி ஆக்கள் மனித உரிமைக் குழுவுக்கு முறைப்பாடு எழுத வழி விடுற ஒப்பந்தம்தான் விருப்ப நெறிமுறையாம், அதின்ர 5ஆம் உறுப்புரையிலேயே ஒரு விலக்கு இருக்காம். உள்நாட்டு வழி நியாயமில்லாமல் இழுபட்டால், அது முடியுமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இழுபட்டது எண்டதை நாங்கள்தான் காட்டவேணும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு தவணையையும், ஏன் ஒத்திவைச்சது எண்டதையும் கொப்பியில எழுதிறன்.

மன்னாரிலிருந்து, ஆவணங்கள் தயாரிக்க உதவுபவர்

அம்மா, அந்தக் கொப்பி மிகவும் பெறுமதியானது. ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

எங்கள் சனம் எல்லாவற்றையும் "ஜெனிவா" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. நாடுகள் கூடித் தீர்மானம் பற்றிப் பேசுகிற மனித உரிமைகள் பேரவை வேறு, தனிநபர் முறைப்பாட்டைப் பார்க்கிற மனித உரிமைக் குழு வேறு. 1980இல் அமைந்த, காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு இன்னொன்று. அந்தச் செயற்குழுவுக்கு எழுத உள்நாட்டு வழிகளை முடித்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்புச் சொல்லாது, ஆனால் அரசாங்கத்திடம் ஆளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். இது தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அதே அக்கா

தண்டனை பெற்ற சிங்கராசா எண்டவர் குழுவின்ர முடிவைக் காட்டிப் போன வழக்கில், 2006இல் உயர் நீதிமன்றமே அந்த நெறிமுறை செல்லாது எண்டு சொன்னதாம். அப்ப குழுவுக்கு எழுதி என்ன பிரயோசனம் அண்ணா?

மன்னாரிலிருந்து

இலங்கை 1997இல் நெறிமுறையில் இணைந்தது அரசியலமைப்புக்கு முரண் என்றுதான் அந்தத் தீர்ப்புச் சொன்னது. அதனால் குழுவின் முடிவை வைத்து உள்ளூர் நீதிமன்றத்தில் அவருடைய தண்டனையை மாற்ற முடியவில்லை. அந்த வேதனை உண்மை. ஆனால் சர்வதேசச் சட்டத்தில் நாட்டின் கடப்பாடு அப்படியே இருக்கிறது, குழுவும் அதற்குப் பிறகு இலங்கை முறைப்பாடுகளை விசாரித்து முடிவு சொல்லியிருக்கிறது. நீங்கள் மனுவின் முத்திரையிட்ட பிரதியையும், தம்பி வீட்டுக்கு வந்த நாளைக் காட்டுகிற கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள் தங்கச்சி.

வன்னியிலிருந்து

அடுத்த தவணை 14ஆம் திகதி. கொப்பியில் இன்னும் ஆறு பக்கம் இருக்கு. புதுசு ஒண்டும் வாங்கி வைச்சிட்டன்.