பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: ஃப்ளைவீல் கிட் எங்கே கிடைக்கும்?

வணக்கம். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், முதல் தலைமுறை, 2005 மாடல், 1.8 டர்போ பெட்ரோல், 5 கியர் மேனுவல் (02ஜே கியர்பாக்ஸ்). ஓட்டம் 1,42,000 கி.மீ. ஊர் கோவை.

மூன்று மாதமாக ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கம் கடகட சத்தம். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது. முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தாச்சு: ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல்தான் (இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே, உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) காரணம். கையால் திருப்பினாலே ஆட்டம், ஓரத்தில் கிரீஸ் கசிவு.

சர்வீஸ் சென்டரில் பார்ட் நம்பர் போட்டுப் பார்த்தார்கள், சப்ளை இல்லை. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் சந்தையில் கிடைத்தது டீசல் வண்டியோடது. பழைய ட்யூயல் மாஸ் வாங்குவதும் வீண்தான். உள்ளே ஸ்பிரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

இடது பக்க ஆக்சிலும் மாற்ற வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டக்டக். புதுப்பேட்டையில் பார்த்த ஆக்சிலின் உள் ஃப்ளாஞ்ச் (கியர்பாக்ஸோடு சேரும் வட்டு) விட்டம் 100 மி.மீ., என் வண்டியில் 108. வாங்குமுன் அளந்தது நல்லதாப் போச்சு. சஸ்பென்ஷன் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது; ஆக்டேவியா, கோல்ஃப் 4, ஆடி டிடி எல்லாம் ஒரே பிளாட்ஃபார்ம் என்பதால் டிடியின் கெட்டி புஷ் போட்டுக்கொள்வேன், அதில் சிக்கல் இல்லை.

ஃப்ளைவீலுக்கு மீதி வழி, ஜி60 சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் (ஸ்பிரிங் இல்லாத ஒற்றைச் சக்கரம்) விஆர்6 கிளட்சும் (ஜி60, விஆர்6 இரண்டும் பழைய ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்கள்), கிளட்ச் விட்டம் 228 மி.மீ. ஐடில் சத்தம் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை.

இந்த 228 மி.மீ. கிட் புதுசாக, கோவை, சென்னை, பெங்களூரு பக்கம் யாரிடம் கிடைக்கும்?