மாமா நிரப்பித் தந்த தோட்டாக்கள்

முத்தையன்கட்டு மகன்:
அப்பாவிடம் பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரம் பெற்ற 12 போர் (குழாய் அளவு) துவக்கு இருக்கிறது. புதுத் தோட்டா கிடைப்பது அரிதாகிவிட்டதால், பன்றிக்கென்று மாமா வெற்றுக் கோதுகளில் வெடிமருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) அடைத்து 12 தோட்டாக்கள் தந்தார். போன மாதம் எங்கள் வாய்க்கால் ஓரம் இரண்டு வீடுகளில் இரவில் கொள்ளை நடந்தது. இப்போது அப்பா துவக்கைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார். உள்ளே இருப்பது மாமாவின் தோட்டா. கள்ளன் புகுந்து அப்பா சுட்டால், தோட்டா எது என்று நீதிமன்றம் பார்க்குமா?

நெடுங்கேணி எழுதுவினைஞர்:
பார்க்கும், தம்பி. சட்டத்தரணி ஒருவரிடம் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் சொல்கிறேன். இரவில் வீடுடைத்து வருபவனிடமிருந்து காத்துக்கொள்ள, அவன் உயிர் போகும் அளவுக்குக்கூட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 96ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்று 92 கட்டிப்போடுகிறது. தற்காப்புத்தான் என்று காட்டும் பொறுப்பையோ சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்பாவின் தலையில் வைக்கிறது.

அங்கேதான் இந்தத் தோட்டா கழுத்தை அறுக்கும். "மூன்று அடியில் கத்தியோடு நின்றான்" என்று அப்பா சொல்வார். கிட்ட நின்று சுட்டால் ரவை ஒரே துளையாகப் பாயும், தூரம் கூடக்கூடச் சிதறும். கடைத் தோட்டா என்றால் அதே துவக்கில் அதே வகையைப் போட்டுச் சுட்டு, இரசாயனப் பகுப்பாய்வாளர் தூரத்தைக் கணிக்கலாம். மாமா கைக்கணக்கில் போட்ட மருந்து ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. மீதி 11ஐச் சுட்டுக் காட்டினாலும் அந்த ஒன்றும் அப்படித்தான் இருந்தது என்பதற்கு மாமாவின் வாய்ச்சொல்லைத் தவிர வேறென்ன?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1989இல் நடந்த சாவு ஒன்றில் இதுதான் சிக்கலானது. மனைவி தன்னைத் தானே சுட்டுக்கொண்டாள் என்றார் கணவர். உள்ளே இருந்தது அவரே மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டா. சுட்ட தூரத்தைக் கணிக்கும் புகைப்படிவுச் சோதனையோ தொழிற்சாலைத் தோட்டாவில் நடந்தது. பல விசாரணைகளுக்குப் பின் அவர் குற்றவாளியானார். அது தற்காப்பு வழக்கல்ல. ஆனாலும் நெஞ்சில் இருத்த வேண்டியது.

சுடாவிட்டாலும் சிக்கல் உண்டு. வெடிமருந்து தயாரிக்கவும் வைத்திருக்கவும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் அனுமதி கேட்கிறது. துவக்குக்கான பத்திரம் அதற்குச் செல்லாது. மாமாவும் மாட்டுவார்.

ஒட்டுசுட்டான் அக்கா:
சட்டம் இருக்கட்டும். இப்படி நிரப்பிய தோட்டா வெடித்து என் கணவரின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. பன்றி நெல்லைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், தம்பி.

முத்தையன்கட்டு மகன்:
அக்கா, இன்றே சொல்கிறேன். ஐயா, அந்த 12ஐயும் குளத்தில் போட்டுவிடலாமா?

நெடுங்கேணி எழுதுவினைஞர்:
வேண்டாம். உடைக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். மறைத்தது இன்னொரு குற்றமாகிவிடும். இன்றிரவே துவக்கிலிருந்து எடுத்து, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். நாளை முதலில் சட்டத்தரணியிடம் போங்கள். பொலிஸாரிடம் ஒப்படைப்பது அவரோடு சேர்ந்துதான். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.