மகளிர் தினப் பேச்சுக்கு டிலாமினி-ஜூமா: பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

சனிக்கிழமை டீச்சர், சாட்ஸ்வொர்த்

வணக்கம் எல்லோருக்கும். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் கூடத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள். ஆகஸ்ட் 9 மகளிர் தினத்துக்கு ஆளுக்கு நான்கு நிமிடம், ஒரு பெண்ணைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். எப்போதும் தில்லையாடி வள்ளியம்மையை நாலைந்து பேர் எடுப்பார்கள், ஒருத்தி அவ்வையார், மிச்சப் பேருக்கு நானே யாரையாவது சொல்லிக்கொடுப்பேன். இந்த முறை பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தானாகவே வந்து, "டீச்சர், நான் டிலாமினி-ஜூமாவைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டாள். நம் தென்னாப்பிரிக்காவில் மண்டேலா காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த அம்மாவைத்தான் சொல்கிறாள். ஏன் என்றால், அவள் ஆயா சொல்லியிருக்கிறார்: "உன் அம்மாவுக்கு நாலு வயதில் நெஞ்சுச்சளி வந்தபோது காசு கேட்காமல் மருந்து கொடுத்தார்கள், அது அந்த அம்மா மந்திரியான வருஷம்."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்னொரு பெற்றோர் கேட்டுவிட்டு, "சிகரெட்டைத் தடை செய்த மந்திரியா? முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் முன்னாள் மனைவிதானே, கோயிலில் அரசியல் வேண்டாம்" என்கிறார். பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வெறும் புகழ்ச்சியாக எழுதிக்கொடுக்கவும் மனமில்லை. அவர் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், எது உண்மை, எதை மறைக்கக்கூடாது என்று சொல்லுங்கள்.

ரிடையர்டு சிஸ்டர், டர்பன்

டீச்சர், அந்த ஆயா சொன்னது சரி. தாராளமாகப் பேசச் சொல்லுங்கள்.

நான் 1980களில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது இந்த நாட்டில் ஒரு சுகாதாரத் துறை கிடையாது, பதினான்கு இருந்தன. வெள்ளையருக்கு ஒன்று, இந்தியரான நமக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, கறுப்பருக்கென்று ஒதுக்கிய ஒவ்வொரு பாண்டுஸ்தான் பகுதிக்கும் தனித்தனி. ஒரே தெருமுனையில் நோய் வந்தாலும் உன் அட்டையில் என்ன இனம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவாகும். 1994 மே மாதம் மண்டேலா அமைச்சரவையில் அந்த அம்மா பொறுப்பேற்றபோது அவர் கைக்கு வந்தது இந்தப் பதினான்கு துண்டுகள். அவற்றை ஒரே துறையாக ஒட்டியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மேடையில் சொல்ல அதில் கதை இல்லை, ஆனால் உள்ளே வேலை செய்த எங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலை என்று.

அப்புறம் அந்த இலவச மருத்துவம். மண்டேலா தன் முதல் நாடாளுமன்ற உரையிலேயே அறிவித்தார், 1994 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. 1996இல் கிளினிக்குகளில் அடிப்படைச் சிகிச்சை எல்லோருக்கும் இலவசமாயிற்று. அதற்கு முன் நான் இருந்த இடத்தில் கட்டணம் கட்டும் ஜன்னல் ஒன்று இருந்தது, மருந்து ஜன்னலுக்கு முன்னால். வயிற்றுப்போக்கில் கண் உள்ளே போன குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்த ஒரு தாய் அந்த ஜன்னலில் சில்லறையை எண்ணி, போதாமல், எங்களைப் பார்க்காமலேயே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பின்னாலேயே ஓடிப்போய்க் கூட்டி வந்தோம். ஓடிப்போய்க் கூட்டி வராத நாட்களும் இருந்திருக்கும், அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த ஜன்னல் குழந்தைகளுக்கு மூடப்பட்டது. உங்கள் மாணவியின் அம்மாவும் அப்படி வந்த ஒரு குழந்தைதான்.

மறைக்கக்கூடாதது என்று கேட்டீர்கள். வரிசை இரண்டு மடங்கு ஆனது போல இருந்தது, நர்ஸுகள் எண்ணிக்கை அப்படியே. பல இடங்களில் மதியத்துக்குள் மருந்து தீர்ந்துபோகும், திட்டு வாங்கியது நாங்கள். அதற்காக அந்தத் திட்டம் தப்பு என்று ஒருநாளும் நான் சொல்ல மாட்டேன்.

டீ ரூம் அண்ணன், பீனிக்ஸ்

சிகரெட் விஷயம் என்னிடம் கேட்க வேண்டியது, முப்பது வருஷமாக டீ ரூம் வைத்திருக்கிறேன்.

இரண்டு வேறு விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது 1999 சட்டம், அவர் சுகாதார அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது. புகையிலை விளம்பரத்தையும் விளையாட்டுக்குக் கொடுக்கும் ஸ்பான்சரையும் நிறுத்தியது, மூடிய பொது இடங்களிலும் வேலை செய்யும் இடங்களிலும் புகைக்கத் தடை. அதுவரை டர்பனில் குதிரைப் பந்தயம் என்றால் சிகரெட் கம்பெனி பெயரில் 'ரோத்மன்ஸ் ஜூலை'தான், 1963 முதல் அந்தப் பெயர், நம் வீடுகளில் கல்யாணத் தேதி மாதிரி அந்த நாளை நினைவு வைத்திருப்பார்கள். சட்டம் வந்தது, 2001இல் வோடாகாம் ஜூலை ஆயிற்று. கிரிக்கெட்டில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட் பெயர் போயிற்று. என் கடைப் பலகையிலும் சிகரெட் கம்பெனி பெயர்தான் என் பெயரைவிடப் பெரிதாக இருந்தது, அதை அழித்து வேறு எழுதினோம். அப்போது எனக்குக் கோபம்தான். ஆனால் என் அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர், என் மகன்கள் இருவரும் புகைப்பதில்லை. அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டது.

இரண்டாவது 2020. அப்போது அவர் சுகாதார அமைச்சர் அல்ல, கூட்டுறவு ஆட்சித் துறை (மாகாண, உள்ளாட்சி நிர்வாகத்தைப் பார்க்கும் துறை) அமைச்சர், பேரிடர்ச் சட்டப்படி ஊரடங்கு விதிகளில் அவர் கையெழுத்து. மார்ச் 27இல் ஊரடங்கு வந்தபோதே சிகரெட் விற்பனை நின்றது. ஏப்ரல் கடைசியில் ஜனாதிபதி ராமபோசா விற்கலாம் என்றார், சில நாட்களில் அந்த அம்மா இல்லை, தடை தொடரும் என்றார். ஒரே சிகரெட்டைப் பலர் மாற்றி மாற்றி இழுத்தால் எச்சிலில் தொற்று பரவும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகஸ்ட் 18இல்தான் தடை நீங்கியது. ஏறக்குறைய ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் பெரும்பாலோர் நிறுத்தவில்லை அக்கா, கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்கு வாங்கிப் புகைத்தார்கள், பெயர் தெரியாத பாக்கெட்டெல்லாம் வந்தது, இன்றும் அது தெருவில் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கேப் டவுன் உயர் நீதிமன்றமும் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

என் கணக்கில் 1999 சட்டம் சரி, 2020 தவறு. இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான். மனசுக்குப் பட்டதில் பின்வாங்காத குணம், ஒரு நேரம் நாட்டைக் காப்பாற்றியது, இன்னொரு நேரம் காது கேட்காமல் செய்தது.

எச்ஐவி வார்டு டாக்டர்

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னார்கள், ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அந்தப் பேச்சு உண்மையாக இருக்காது.

1998 அக்டோபரில், கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்க ஏஸிடி மருந்து கொடுப்பதில்லை என்று அவரும் மாகாண சுகாதார அமைச்சர்களும் முடிவு செய்தார்கள். செலவு அதிகம், கட்டுப்படியாகாது என்றார்கள். குறுகிய காலம் கொடுத்தாலே பயன் இருக்கிறது என்று அதே ஆண்டு தெரியவந்திருந்தது. அந்த டிசம்பர் 10ஆம் தேதி சாக்கி அக்மத்தும் நண்பர்களும் சிகிச்சைக்கான போராட்ட இயக்கத்தை ஆரம்பித்தார்கள், அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்றே இதுதான். கடைசியில் 2002 ஜூலையில், அவருக்கு அடுத்து வந்த அமைச்சர் காலத்தில், அரசியல் சாசன நீதிமன்றம் அதே தொற்றைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான் அந்த வருடங்களில் குழந்தைகள் வார்டில் இருந்தவன். குவாசுலு-நேட்டாலில் அப்போது எப்படி இருந்தது என்று விவரிக்க விரும்பவில்லை. அதற்கு முன் 1995இல் எய்ட்ஸ் விழிப்புணர்வு நாடகம் ஒன்றுக்கு 14 மில்லியன் ரேண்டுக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்து, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் வரை போனதும் இதே துறையில்தான்.

ஆனால் இதே அமைச்சர்தான் 1997இல் மலிவு விலை மருந்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். 39 மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன, உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்ததும் 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. அந்தச் சண்டையை அவர் ஆரம்பித்திருக்காவிட்டால் இன்று என் நோயாளிகள் மலிவு மாத்திரையில் உயிரோடு இருக்க வழி இன்னும் தாமதமாகியிருக்கும். அந்த மலிவு மருந்துச் சட்டத்துக்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன், ஏஸிடிக்காக என்னால் மன்னிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுக்கு இது புரியும் டீச்சர். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பழைய மெடிக்கல் ஸ்கூல் மாணவர்

"ஜூமாவின் முன்னாள் மனைவி" என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தப் பெற்றோரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அவர் 1949இல் நேட்டாலில் பிறந்தவர். சுலுலாந்து பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு நேட்டால் மெடிக்கல் ஸ்கூலுக்கு வந்தார். 1951இல் திறந்த அந்தக் கல்லூரி ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் மட்டும் படித்த இடம். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோவும் அங்கேதான் படித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே டாக்டரானார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பீக்கோ ஆரம்பித்த மாணவர் இயக்கம் இந்தியரையும் சேர்த்தே 'கறுப்பர்' என்று சொன்னது, ஸ்ட்ரினி மூட்லியும் சத்ஸ் கூப்பரும் அந்தப் போராட்டத்தில்தான் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். 1976இல் அதே இயக்கத்தின் துணைத் தலைவராக இருந்தார் இந்த அம்மா, அந்த ஆண்டே நாட்டைவிட்டுத் தப்பிப் போக வேண்டியிருந்தது. படிப்பை இங்கிலாந்தில் பிரிஸ்டலில் 1978இல் முடித்தார். ஸ்வாசிலாந்தில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான் ஜேக்கப் ஜூமாவைச் சந்தித்தார். திருமணம், நான்கு மகள்கள், 1998இல் விவாகரத்து.

இப்போது கணக்குப் பாருங்கள். 1994இல் அவர் நாட்டின் சுகாதார அமைச்சர், கணவர் நம் மாகாணத்தில் பொருளாதாரத் துறை அமைச்சர். யார் யாருடைய பெயரால் மேலே வந்தது? பத்து வருடம் வெளியுறவு, பிறகு உள்துறை, 2012இல் ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்துக்கு முதல் பெண் தலைவர். 2017 டிசம்பரில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு 2,440க்கு 2,261 என்று ராமபோசாவிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் ஜேக்கப் ஜூமா அவரை ஆதரித்தார், அதில் எனக்கும் வருத்தம் உண்டு, அந்த ஆட்சியின் சுமையை அவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆனால் ஒரு பெண்ணின் முப்பது வருட வேலையை ஒரு கல்யாணத்துக்குள் அடக்காதீர்கள், அதுவும் மகளிர் தின மேடையில்.

சனிக்கிழமை டீச்சர், சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் நன்றி, இரவு முழுக்கப் படித்தேன். டாக்டர் எழுதியதை இரண்டு தடவை.

பிள்ளையிடம் பேசினேன். ஏஸிடி பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு "அதையும் சொல்கிறேன் டீச்சர், ஆனால் அம்மாவின் கதையை முதலில் சொல்கிறேன்" என்றாள். ஆயா அந்தக் கால கிளினிக் அட்டையை இன்னும் வைத்திருக்கிறாராம், ஓரமெல்லாம் கிழிந்து, முத்திரை மட்டும் தெரிகிறது. மேடைக்கு எடுத்துவரப் போகிறாள். 1999 சட்டம் ஒரு வரி, 2020 தடை ஒரு வரி, மலிவு மருந்து ஒரு வரி. அந்தப் பெற்றோரிடம் மெடிக்கல் ஸ்கூல் ஐயா எழுதியதைக் காட்டினேன், "சரி, பேசட்டும்" என்றார்.

சிஸ்டர் அக்கா, ஒரு உதவி. "தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது" என்பதை அவளால் தடுமாறாமல் சொல்ல முடியவில்லை. சின்னதாக வேறு எப்படிச் சொல்லலாம்?

ரிடையர்டு சிஸ்டர், டர்பன்

"அம்மாவுக்கு இருக்கும் நோய் பிள்ளைக்கு வராமல் காப்பது" என்று சொல்லச் சொல்லுங்கள். வார்டில் நாங்கள் தாய்மார்களிடம் அப்படித்தான் சொல்லுவோம். ஒன்பதாம் தேதி எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.